ஆண்டிஸைத் தாண்டிய படையா, காடிஸில் கலைந்த படையா? ஸ்பானிய அமெரிக்கா விடுதலை பெற்றது எதனால்?

சுவடிமணி:
முதலில் களத்தைச் சொல்லிவிடுகிறேன். 1808இல் நெப்போலியன் ஸ்பெயின் அரசர் நான்காம் கார்லோஸையும் அவர் மகன் ஏழாம் பெர்டினாண்டையும் பிரான்சின் பயோன் நகருக்கு வரவழைத்து, இருவரையும் முடி துறக்கவைத்துத் தன் அண்ணன் ஜோசப்பை அரியணையில் ஏற்றினார். 'அரசரே இல்லாதபோது வைஸ்ராய் யாருக்குப் பிரதிநிதி?' என்ற கேள்வி கடல் தாண்டி எழுந்தது. 1810 ஏப்ரல் 19 கராகஸ், மே 25 புவெனோஸ் ஐரெஸ், ஜூலை 20 பொகோட்டா, செப்டம்பர் 16 மெக்சிகோவின் தொலோரஸ் கிராமம், செப்டம்பர் 18 சான்டியாகோ என ஒரே ஆண்டில் அடுத்தடுத்துத் தீ பிடித்தது.

ஆனால் 1816 முடிவில் நிலைமை என்ன? வெனிசுவேலா, நியூ கிரனாடா (இன்றைய கொலம்பியா பகுதி), சிலி எல்லாம் மறுபடி ஸ்பெயின் கையில். மெக்சிகோவில் கலகத் தலைவர் மொரேலோஸ் சுட்டுக்கொல்லப்பட்டு ஓராண்டு ஆகிவிட்டது. ஒதுங்கி நின்ற பராகுவேயையும் ரியோ தெ லா பிளாட்டா நாட்டையும் (புவெனோஸ் ஐரெஸ் தலைமையிலான இன்றைய அர்ஜென்டினா பகுதி) விட்டால் சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. எட்டே ஆண்டில், 1824 டிசம்பரில் அயகுச்சோவில், தென் அமெரிக்காவில் ஸ்பெயினின் கடைசிப் பெரிய படை சரணடைந்தது. இந்த எட்டு ஆண்டில் தராசு சாய்ந்தது எதனால்? சான்றோடு பேசுங்கள்.

துறைமுகத்தான்:
விடை ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தில் இருக்கிறது. 1815 பிப்ரவரியில் அங்கிருந்து பாப்லோ மோரியோ 10,000க்கும் மேற்பட்ட வீரர்களோடு புறப்பட்டார். அந்த ஒரு பயணம் வெனிசுவேலா மீது ஸ்பெயினின் பிடியை இறுக்கியது. நூறு நாளுக்கு மேல் முற்றுகையிட்டு கார்டஹேனா கோட்டையைப் பட்டினி போட்டுப் பிடித்தது. மறு ஆண்டு பொகோட்டாவும் விழுந்தது. ஒரே ஒரு படை வந்ததற்கே இந்த விளைவு.

அதைவிடப் பெரிய படை ஒன்று, ஏறத்தாழ 20,000 பேர் என்ற திட்டத்தில், 1819இல் அதே காடிஸைச் சுற்றித் திரட்டப்பட்டது. அது புறப்படவே இல்லை. கப்பல் போதவில்லை. ரஷ்யப் பேரரசர் அலெக்சாந்தரிடம் வாங்கிய போர்க்கப்பல்களில் பல மரம் உளுத்தவை. அட்லாண்டிக்கைத் தாண்டும் நிலையில் இல்லை. காத்துக் கிடந்த வீரர்களுக்குச் சம்பளம் பாக்கி. நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவியதால் படையைப் பிரித்துச் சுற்றுக் கிராமங்களில் தங்கவைத்தார்கள். அப்படித் தங்கவைத்த ஊர்களில் ஒன்றான லாஸ் கபேசாஸ் தெ சான் ஹுவானில்தான் 1820 ஜனவரி 1 அன்று ரஃபேல் தெல் ரியேகோ என்ற அதிகாரி மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு போட்ட 1812 அரசியலமைப்பை மீட்போம் என்று கொடி தூக்கினார். மார்ச்சில் மன்னர் பணிந்தார். அதன்பின் ஸ்பெயினிலிருந்து பெரிய படை எதுவும் தென் அமெரிக்கா பக்கம் வரவில்லை. மோரியோவுக்கே 'போரை நிறுத்திப் பேசு' என்று உத்தரவு போனது. 1820 நவம்பரில் வெனிசுவேலா விடுதலைத் தலைவர் பொலிவாரோடு போர்நிறுத்தம் எழுதினார். அந்த 20,000 பேரும் புவெனோஸ் ஐரெஸில் இறங்கியிருந்தால் இந்தப் பட்டியலில் பல பெயர்கள் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

கணவாய்க்காரன்:
//அந்த ஒரு பயணம் வெனிசுவேலா மீது ஸ்பெயினின் பிடியை இறுக்கியது//

நண்பரே, அந்தப் பயணம் முதலில் எந்த ஊருக்கு என்று போட்டார்கள்? ரியோ தெ லா பிளாட்டாவுக்கு. ஏன் மாற்றினார்கள்? 1814 மே மாதத்தில் புவெனோஸ் ஐரெஸின் கப்பற்படை, வில்லியம் பிரவுன் தலைமையில், மொன்டிவிடியோவுக்கு முன்னால் ஸ்பானியக் கப்பல்களை முறியடித்தது. ஜூனில் மொன்டிவிடியோ விழுந்தது. இறங்கத் துறைமுகம் இல்லாத கரைக்கு 10,000 பேரை அனுப்ப முடியாது. காடிஸ் எங்கே படை அனுப்பலாம் என்பதையே அமெரிக்கக் கரையில் நடந்த சண்டைதான் தீர்மானித்தது.

இனி 1816. கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது, உள்ளே நுழைய ஆள் வேண்டும். மேல் பெரு (இன்றைய பொலிவியா) வழியாக, பெருவில் ஸ்பெயினின் தலைமையிடமான லிமாவுக்குப் போகும் முயற்சி ஹுவாகி (1811), வில்காபூஹியோ, அயோஹுமா (இரண்டும் 1813), சீப்பெ சீப்பெ (1815) என ஒவ்வொரு முறையும் அடிவாங்கித் திரும்பியது. காரணம் எளிது: வழி நீளம், மேடு அதிகம், ஏறி வருபவன் களைத்திருப்பான், மேலே காத்திருப்பவன் களைப்பில்லாமல் இருப்பான். புவெனோஸ் ஐரெஸ் தரப்பின் தளபதி சான் மார்ட்டின் அந்தச் சாலையையே விட்டார். சிலியைப் பிடி, கப்பல் கட்டு, கடல் வழியாக லிமாவுக்குப் போ என்பது அவர் கணக்கு.

அதற்காக 1814 முதல் ஆண்டிஸின் கிழக்கு அடிவாரத்து மென்டோசாவில் உட்கார்ந்தார். நகருக்கு வெளியே புளூமெரியோ என்ற இடத்தில் பாசறை. லூயிஸ் பெல்த்ரான் என்ற பிரான்சிஸ்கன் துறவி பட்டறைத் தலைவர். கோயில் மணிகளை உருக்கிக் குண்டும் பீரங்கியும் வார்த்தார். துணிக்கு சான் லூயிஸ் கம்பளி. நீர் எடுத்துப்போக மாட்டுக் கொம்புகளைக் குடுவையாக்கினார்கள். கசாப்புக் கழிவான தோல் துண்டுகளில் கம்பளிக் கந்தல் வைத்துச் செருப்பு தைத்தார்கள். ஒரு சிறு மாகாணம் தன்னிடம் இருந்ததையெல்லாம் வழித்துக் கொடுத்த வேலை இது.

விலங்குக் கணக்கைப் பாருங்கள்: ஏறிச் செல்ல 7,359, சுமைக்கு 1,922, ஆகக் கோவேறு கழுதைகள் 9,281. குதிரைகள் 1,600. கழுதையில் ஏறிப் போ, குதிரையை வெறுமனே நடத்திக் கூட்டிப்போ, மலை இறங்கியபின் சண்டைக்குக் குதிரை ஏறு என்பது விதி. லாடம் இல்லாத குளம்பு கூர்ங்கல்லில் இரண்டு நாள் தாங்காது. அதனால் எல்லாவற்றுக்கும் லாடம் அடித்தார்கள். பீரங்கிகளைக் கம்பளியிலும் தோலிலும் சுற்றி, இரண்டு கழுதைகளுக்கு நடுவே கழியில் தொங்கவிட்டார்கள்; செங்குத்தான இடங்களில் நங்கூரமும் கயிறும் போட்டு இழுத்தார்கள். பிளவுகளைக் கடக்கக் கயிற்றுப் பாலம் ஒன்றும் கூடவே சென்றது.

உணவு: உப்புக்கண்டத்தை இடித்துக் கொழுப்பும் மிளகாயும் சேர்த்துப் பிசைந்து கொண்டுபோனார்கள். வெந்நீர் ஊற்றினால் சாப்பாடு. மேலே விறகு கிடைக்காது, அடுப்பெரிக்க நேரமும் இருக்காது. அதனால் இந்த ஏற்பாடு. உயரத்தில் மூச்சு வாங்கும் 'சொரோச்சே' நோய்க்குப் பூண்டும் வெங்காயமும். எல்லாம் 15 நாள் கணக்கு.

புறப்பட்டது 1817 ஜனவரி. தெற்கே அதுதான் கோடை. சில மாதம் பிந்தினால் பனி கணவாயை அடைத்துவிடும். பீரங்கிகளோடு லாஸ் ஏராஸ் என்ற தளபதியின் பிரிவு உஸ்பயாத்தா கணவாய் வழியாகவும், பெரும்படை லாஸ் பாத்தோஸ் கணவாய் வழியாகவும் போனது. எஸ்பினாசித்தோ கணவாய் 4,400 மீட்டருக்கு மேல். பிப்ரவரி 8 அன்று ஒரு பிரிவு சான்டா ரோசாவிலும் மற்றது சான் பெலிப்பேயிலும் இறங்கின. மூன்று வாரம் இரண்டு வழியில் பிரிந்து நடந்த படைகள் ஒரே நாளில் சேர்ந்தன! சிலிக்குள் போனபோது உயிரோடிருந்த கழுதைகள் சுமார் 4,300, குதிரைகள் சுமார் 500. மேய்ச்சல் இல்லாத பாறையில் மற்றவை விழுந்தன. பிப்ரவரி 12 சாக்காபுக்கோவில் வெற்றி. தூக்கத்தைக் கெடுப்பது எதிரி அல்ல, இந்த மலைகள்தான் என்று சான் மார்ட்டின் முந்தைய ஆண்டே நண்பருக்கு எழுதியிருந்தார். மலையை வென்றது கணக்கு.

இதில் காடிஸுக்கு என்ன பங்கு? 1817இல் ரியேகோ யாரென்றே யாருக்கும் தெரியாது.

துறைமுகத்தான்:
உங்கள் கழுதைக் கணக்கில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, நண்பரே. ஆனால் சாக்காபுக்கோவில் எதிரே நின்றவர்கள் எத்தனை பேர்? சுமார் 1,500. சிலி முழுக்க ஆளுநர் மார்க்கோ தெல் பொன்ட்டிடம் அதைப்போல் மூன்று மடங்கு இருந்தது. அதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குத் தெளித்து வைத்திருந்தார். அவர் மோசமான தளபதி, அது உண்மை. ஆனால் புதுப்படை வரும் என்ற நம்பிக்கை இல்லாதவன் எல்லாக் கணவாயையும் காக்கப் பார்ப்பான், எதையும் காக்க மாட்டான். ஸ்பெயினிலிருந்து சிலிக்குப் படை வர ஹோர்ன் முனையைச் சுற்ற வேண்டும்; மாதக்கணக்கில் ஆகும்.

கணவாய்க்காரன்:
//தெளித்து வைத்திருந்தார்//

தானாகத் தெளிக்கவில்லை, தெளிக்க வைத்தார்கள். 1816 செப்டம்பரில் சான் மார்ட்டின் சான் கார்லோஸ் கோட்டையில் பெவென்சே பழங்குடித் தலைவர்களைக் கூட்டி, உங்கள் நிலத்தின் வழியாகத் தெற்குக் கணவாயில் போகப்போகிறேன், அனுமதி தாருங்கள் என்று கேட்டார். செய்தி சிலிக்குப் போகும் என்று தெரிந்தே கேட்டார், போனது. போதாக்குறைக்குத் தெற்கிலும் வடக்கிலும் நான்கு சிறு பிரிவுகளை உண்மையிலேயே அனுப்பினார். மொத்தம் ஆறு வழி. சிலிக்குள் மனுவேல் ரொத்ரிகெஸின் கெரில்லா ஆட்கள் ஊர் ஊராகத் தொல்லை கொடுத்தார்கள்.

வழி அளந்ததும் இப்படித்தான். ஆல்வாரெஸ் கொந்தார்கோ என்ற பொறியாளர் அதிகாரியிடம், விடுதலைப் பிரகடனத்தின் நகலைச் சிலி ஆளுநரிடம் கொடுத்துவிட்டு வா என்று சொல்லி நீளமான வழியில் அனுப்பினார். ஆளுநர் கோபத்தில் அவரைக் குறுக்கு வழியில் விரட்டுவார் என்பது எதிர்பார்ப்பு, அப்படியே நடந்தது. போகும்போது ஒரு கணவாய், வரும்போது ஒரு கணவாய். தாளில் ஒரு கோடு போடாமல் இரண்டையும் மனதில் ஏற்றிக்கொண்டு வந்து வரைபடமாக்கினார்.

வேல்விழி:
இரண்டு பேரும் கரையிலேயே நிற்கிறீர்கள். ஹோர்ன் முனையைச் சுற்றி வர மாதக்கணக்காகும் என்று துறைமுகத்தான் சொன்னார். அப்படி வந்த ஒன்றுக்கு என்ன ஆனது என்று பார்ப்போம், இந்த விவாதத்தின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

1818 மே மாதம் காடிஸிலிருந்து சுமார் 2,000 வீரர்கள் 11 சரக்குக் கப்பல்களில் பெருவுக்குப் புறப்பட்டார்கள். காவலுக்கு 'மரியா இசபெல்' என்ற போர்க்கப்பல். அதுவும் ரஷ்யாவிடம் வாங்கியதுதான். வழியிலேயே 'திரினிதாத்' என்ற கப்பலில் வீரர்கள் கலகம் செய்து அதிகாரிகளைக் கொன்று, கப்பலை நேராகப் புவெனோஸ் ஐரெஸுக்கு ஓட்டிவந்து ஒப்படைத்தார்கள். அதில் இருந்த தாள்களில் கூட்டத்தின் பாதை, சந்திக்கும் இடம், கொடிச் சைகைகள் எல்லாம் இருந்தன. செய்தி ஆண்டிஸைத் தாண்டிச் சான்டியாகோவுக்குப் போனது. அக்டோபர் 28 அன்று பிளாங்கோ என்கலாதாவின் சிலிக் கப்பல்கள் தல்காவானோ துறைமுகத்தில் 'மரியா இசபெல்'லைப் பிடித்தன. ஒவ்வொன்றாக வந்த சரக்குக் கப்பல்களுக்கு, பிடிபட்ட அந்தக் கப்பலிலேயே ஸ்பானியக் கொடியை ஏற்றி அழைத்து மடக்கினார்கள். பிடிபட்ட வீரர்களில் பலர் ஸ்கர்வியால் (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) எழுந்து நிற்கவே முடியாதவர்கள்.

துறைமுகத்தான் அவர்களுக்கு: ஸ்பெயின் படை அனுப்பவில்லை என்பது சரியல்ல, அனுப்பியது கடலில் அழிந்தது. கணவாய்க்காரன் அவர்களுக்கு: கப்பல் இல்லாவிட்டால் உங்கள் கழுதைகள் சிலியின் துறைமுகமான வால்பரைசோவோடு நின்றிருக்கும். சிலிக் கப்பற்படைக்குத் தலைமை தாங்கிய பிரிட்டிஷ்காரர் காக்ரேன் 1820 பிப்ரவரியில் வால்திவியாவின் கோட்டைத் தொகுதியைச் சில நூறு பேரோடு இரவில் பிடித்தார். ஆகஸ்ட் 20 அன்று வால்பரைசோவிலிருந்து சுமார் 4,500 பேர் பெருவுக்குக் கப்பலேறினார்கள். நவம்பர் 5 இரவு லிமாவின் துறைமுகமான கயாவுக்குள்ளேயே படகில் புகுந்து 'எஸ்மெரால்டா' என்ற ஸ்பானியப் போர்க்கப்பலைக் கைப்பற்றினார்கள். அதன்பின் பசிபிக் கடலில் அவர்கள் கையே ஓங்கியது.

செங்கதிர்:
படகு, கழுதை, கணவாய் எல்லாம் சரி. அவற்றில் ஏறியவர்கள் யார் என்று யாரும் கேட்கவில்லையே?

இது ஸ்பானியருக்கும் அமெரிக்கருக்கும் நடந்த போர் மட்டுமல்ல. இரண்டு பக்கமும் பெரும்பாலும் அந்த மண்ணில் பிறந்தவர்களே. 1811இல் கராகஸில் முதல் குடியரசை அமைத்த கிரியோல் (அமெரிக்காவில் பிறந்த ஸ்பானிய வம்ச) நிலக்கிழார்கள் ஓட்டுரிமையைச் சொத்துள்ளவர்களுக்கு வைத்தார்கள். அடிமை முறையைத் தொடவில்லை. யானோஸ் சமவெளியில் காட்டு மாடு பிடித்து வாழ்ந்த யானேரோக் குதிரைக்காரர்களை அனுமதிச் சீட்டும் தண்டனையும் போட்டுக் கட்டச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1812 மார்ச் 26, பெரிய வியாழன் அன்று நிலநடுக்கம் கராகஸைத் தரைமட்டமாக்கியபோது, இது அரசருக்கு எதிராக எழுந்த பாவத்தின் பலன் என்று பாதிரிமார் சொன்னதை மக்கள் நம்பக் காரணம் ஏற்கெனவே இருந்தது. அந்த யானேரோக்களைத்தான் ஹோசே தோமாஸ் போவெஸ் அரசர் பெயரால் திரட்டினார். கொள்ளையிடு, வெள்ளை முதலாளியின் நிலம் உனக்கு என்றார். 1814 ஜூனில் லா புவெர்த்தாவில் பொலிவாரை நொறுக்கினார். ஜூலையில் கராகஸிலிருந்து சுமார் 20,000 பேர் கிழக்கே நடந்து ஓடினார்கள்.

இரண்டாம் குடியரசை அழித்தது வெனிசுவேலாவின் ஏழைகள். மோரியோ வந்தது அதன்பின் 1815இல்! துறைமுகத்தான் இதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு தராசு எப்போது சாய்ந்தது? அந்த ஆட்கள் பக்கம் மாறியபோது. போவெஸ் 1814 டிசம்பரில் உரீக்காவில் ஈட்டி பாய்ந்து இறந்தார். மோரியோ வந்து, முறையான படைக்கு இந்தக் கலப்பினத் தலைவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கினார். அவர்கள் விடுதலைப் பக்கம் நின்ற யானேரோத் தலைவர் ஹோசே அந்தோனியோ பாயெஸிடம் போனார்கள். பொலிவார் ஹைத்திக்குப் போய் அதிபர் பேத்தியோனிடம் ஆயுதமும் கப்பலும் வாங்கினார். பேத்தியோன் கேட்ட ஒரே விலை அடிமைகளின் விடுதலை. 1816 ஜூன் 2 அன்று கரூப்பனோவில் அந்த அறிவிப்பு வந்தது, படையில் சேர வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1817 அக்டோபர் 10 சட்டம், பறிமுதலான சொத்திலிருந்து சாதாரண வீரனுக்கு 500 பெசோ, தலைமைத் தளபதிக்கு 25,000 பெசோ என்று பங்கு போட்டது. கொடுத்தது நிலமாக அல்ல, காகிதச் சீட்டாக. பசித்த வீரர்கள் சீட்டைக் கிடைத்த விலைக்கு விற்றார்கள். அதிகாரிகள் வாங்கிச் சேர்த்தார்கள். பாயெஸ் பெரும் பண்ணையார் ஆனார். ஏமாற்றம்தான். ஆனாலும் 1819 ஏப்ரலில் லாஸ் கெசேராஸ் தெல் மெதியோவில் சுமார் 150 ஈட்டிக்காரர்கள் மோரியோவின் குதிரைப்படையை அலறவிட்டது அந்த வாக்கை நம்பித்தான்.

கணவாய்க்காரன்:
தோழர் செங்கதிர் சொன்னதை நான் மறுக்கவில்லை, சேர்த்துக்கொள்கிறேன். ஆண்டிஸ் படையின் 7ஆம், 8ஆம் காலாட்படைகளில் பெரும்பகுதி விடுவிக்கப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகள். குயோ மாகாணத்தில் மட்டும் 700க்கு மேல் எடுத்தார்கள். சாக்காபுக்கோவிலும் அடுத்து நடந்த மைப்பூ சண்டையிலும் அதிகம் செத்தவர்களும் அவர்களே. இதைச் சொல்லாமல் பட்டறைக் கதையை மட்டும் சொன்னது என் குறை.

ஆனால் நல்ல ஆட்கள் கிடைத்தால் மட்டும் போதுமா? 1819இல் பொலிவார் அதே யானேரோக்களை ஆண்டிஸுக்குக் கூட்டிப்போனார். முடிவெடுத்தது மே 23. நடந்தது மழைக்காலம். சமவெளி முழுக்க வெள்ளம்; நாள்கணக்கில் இடுப்பளவு நீரில் நடை. பிறகு பிஸ்பா உயர்வெளி. கோடையில் மட்டுமே போவதால் எதிரி காவல் வைக்காத வழி என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார். விலை? சமவெளியில் வளர்ந்த குதிரைகளுக்கு லாடம் கிடையாது. ஏறக்குறைய எல்லாமே வழியில் போயின. பருத்தித் துணியும் வெறுங்காலுமாக வந்தவர்கள் குளிரில் விறைத்துச் செத்தார்கள். பிரிட்டிஷ் தன்னார்வலர்களும் பலர் இறந்தார்கள். சோச்சா ஊரில் இறங்கியபோது சண்டைப்படை என்று சொல்லும் நிலையில் இல்லை. ஊர்ப் பெண்கள் உடுத்த துணியைக் கழற்றிக் கொடுத்ததாக அந்த ஊர் இன்றும் சொல்கிறது. குதிரையும் உணவும் அங்கே மக்கள் தந்தார்கள். ஜூலை 25 பான்தானோ தெ வர்காஸ், ஆகஸ்ட் 7 பொயாக்கா. வைஸ்ராய் சாமனோ கருவூலப் பணத்தைக் கூட எடுக்காமல் பொகோட்டாவிலிருந்து ஓடினார்.

சான் மார்ட்டின் இரண்டாண்டு தயாரித்து மூன்று வாரத்தில் கடந்தார். பொலிவார் ஏறக்குறைய தயாரிப்பின்றிக் கடந்து, மறுபக்கத்து மக்கள் ஏந்திப் பிடித்ததால் பிழைத்தார். முதலாவது வழியை மற்றவருக்குக் கற்றுத்தர முடியும்.

துறைமுகத்தான்:
அப்படியானால் மெக்சிகோவை யாராவது விளக்குங்கள். அங்கே ஆண்டிஸும் இல்லை, காக்ரேனும் இல்லை. தொலோரஸில் கலகத்தைத் தொடங்கிய பாதிரியார் இதால்கோவின் பெருங்கூட்டம் 1810 அக்டோபர் 30 அன்று மோன்தே தெ லாஸ் குருசெஸில் வென்று, தலைநகரைத் தொடும் தூரத்திலிருந்து திரும்பிப் போனது. 1811 ஜனவரியில் கால்தெரோன் பாலத்தில் வெடிமருந்து வண்டி வெடித்துக் கலைந்தது. 1815இல் மொரேலோஸ் கதை முடிந்தது. ஆனால் 1821இல் பெரிய போரே இல்லாமல் விடுதலை! ஏன்? 1820இல் ரியேகோவால் வந்த தாராளவாத நாடாளுமன்றம் துறவியர் மடங்களையும் படைவீரர்களின் தனி நீதிமன்ற உரிமையையும் வெட்டியது. அதுவரை அரசருக்காகக் கலகக்காரர்களைக் கொன்ற அகுஸ்தின் தெ இதுர்பிடே 1821 பிப்ரவரி 24 அன்று இகுவாலா திட்டத்தை அறிவித்தார்: மதம், விடுதலை, ஒற்றுமை. ஸ்பெயின் புதிதாக அனுப்பிய ஓதோனொஹு ஆகஸ்ட் 24 அன்று கோர்தொபாவில் கையெழுத்துப் போட்டார், கையில் சில நகரங்களே மிஞ்சியிருந்ததால். காடிஸின் கலகம் இல்லாமல் இது நடந்திருக்காது.

செங்கதிர்:
//பெரிய போரே இல்லாமல்//

இதுர்பிடே யாரோடு கைகோத்தார்? கலகத் தலைவர் விசென்தே குவெர்ரெரோவோடு. குவெர்ரெரோவை அடக்கத்தான் அவரைத் தெற்கு மலைக்கு அனுப்பினார்கள், முடியவில்லை. மொரேலோஸ் இறந்தபின்னும் அந்த மலையில் கழுதை ஓட்டிகளும் கறுப்பினத்தவரும் பழங்குடியினரும் ஐந்து ஆண்டுக்கு மேல் சண்டையை விடவில்லை. பேசித் தீர்க்க எதிரே ஒருவன் உயிரோடு நின்றதால்தான் ஒப்பந்தம் வந்தது. காடிஸ் கிரியோல் அதிகாரிகளைப் பயமுறுத்தியது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

வேல்விழி:
பெருவுக்கு வருவோம், உண்மையில் எல்லாருடைய வாதமும் சோதிக்கப்படும் இடம் அது.

1821 ஜூலையில் வைஸ்ராய் லா செர்னா லிமாவை விட்டு மலைக்குப் போனார். ஜூலை 28 சான் மார்ட்டின் லிமாவில் விடுதலை அறிவித்தார். வெற்றி போலத் தெரிந்தது. ஆனால் தானியமும் வெள்ளிச் சுரங்கமும் ஆளும் மலையில். கரையில் இருப்பது வெயிலும் காய்ச்சலும். ஹுவாராவில் முகாமிட்ட காலத்திலேயே படை காய்ச்சலில் உருகியிருந்தது. லிமா கையில் இருந்தும் நாடு கையில் இல்லை. 1822 ஜூலை குவாயாகிலில் பொலிவாரைச் சந்தித்துவிட்டு சான் மார்ட்டின் விலகினார். 1823 ஜனவரியில் அவர் விட்டுப்போன படை தொராத்தா, மொகேகுவா சண்டைகளில் சிதறியது.

அதைவிடக் கேடு 1824 பிப்ரவரியில். கயாவ் கோட்டைக் காவலில் இருந்த ரியோ தெ லா பிளாட்டா வீரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. மோயானோ என்ற சார்ஜென்ட் தலைமையில் கலகம் செய்தார்கள். கேட்டது சம்பளமும் ஊர் திரும்பக் கப்பலும். பேச்சு இழுபடவே, தண்டனைக்குப் பயந்து, சிறையில் இருந்த ஸ்பானிய அதிகாரிகளை விடுவித்து அரசர் கொடியை ஏற்றினார்கள். ஆண்டிஸைத் தாண்டிய படையின் எச்சம் அது! மென்டோசாவின் கணக்கில் எல்லாம் இருந்தது. ஏழாண்டுச் சம்பளத்துக்கு வழி இல்லை. கணவாய்க்காரன் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

கணவாய்க்காரன்:
சொல்கிறேன். அது தோல்விதான், தப்பிக்கும் பதில் என்னிடம் இல்லை. 1820இல் புவெனோஸ் ஐரெஸ் அரசே உள்நாட்டுச் சண்டையில் கவிழ்ந்துவிட்டது. அந்தப் படைக்குப் பின்னால் நாடு இல்லை. சிலி தன் பங்குக்குக் கப்பற்படைக்கே கடன்பட்டிருந்தது. சிலி வரைக்கும், கடல் ஏறும் வரைக்கும் அந்தத் திட்டம் சரி. மலைக்குள் போய்ப் போரை முடிக்கும் பலம் அதில் இல்லை. அதை வடக்கிலிருந்து வந்த பொலிவாரும் அவர் தளபதி சுக்ரேயும் செய்தார்கள்.

துறைமுகத்தான்:
அவர்கள் செய்யும்படி வழிவிட்டது யார் என்பதையும் எழுதிவிடுகிறேன். 1823இல் ஸ்பெயினுக்குள் பிரெஞ்சுப் படை புகுந்து பெர்டினாண்டை மீண்டும் முழு அதிகாரத்தில் உட்காரவைத்தது. செய்தி மேல் பெருவுக்கு எட்டியதும் பெத்ரோ அந்தோனியோ தெ ஒலன்யேத்தா என்ற முடியாட்சித் தளபதி, லா செர்னா தாராளவாதி, அவருக்குப் பணிய மாட்டேன் என்று பிரிந்தார். லா செர்னா தன் சிறந்த தளபதி ஹெரோனிமோ வால்தெஸை ஒலன்யேத்தாவை அடக்கத் தெற்கே அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில்தான் 1824 ஆகஸ்ட் 6 அன்று ஹுனின் சமவெளியில் பொலிவாரின் குதிரைப்படை வென்றது. ஒரு துப்பாக்கிச் சத்தமும் இல்லாமல் ஈட்டியும் வாளும் மட்டும் மோதிய சண்டை. வால்தெஸ் களைத்த படையோடு திரும்பிவந்தபின் டிசம்பர் 9 அயகுச்சோ. ஸ்பெயினின் உட்பிளவு அங்கேயும் தொடர்ந்து வந்தது.

செங்கதிர்:
அயகுச்சோவில் சுக்ரேயின் சுமார் 5,800 பேருக்கு எதிரே நின்ற பெரிய படையில் ஐரோப்பாவில் பிறந்தவர்கள் சில நூறு பேர் மட்டுமே. மற்றவர்கள் பெருவின் மலைக்கிராமங்களிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்ட பழங்குடி விவசாயிகள். இரவில் ஓடிவிடாமல் காவல் போட்டு நடத்திவரப்பட்டவர்கள். சண்டை தொடங்கும் முன் இரு தரப்பு அதிகாரிகளும் அனுமதி வாங்கி நடுவே வந்து சகோதரர்களையும் பழைய நண்பர்களையும் கட்டிப்பிடித்துவிட்டுத் திரும்பி வரிசையில் நின்றார்கள். இதை உள்நாட்டுப் போர் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

வேல்விழி:
தோழர், ஒரு திருத்தம். அவர்கள் காவலோடு நடத்தப்பட்டவர்கள் என்றால் 'பக்கம் எடுத்தவர்கள்' ஆக மாட்டார்கள். யானேரோ பக்கம் மாறியது வேறு, கழுத்தில் கயிறு போட்டு இழுத்து வந்தது வேறு. பெருவின் விவசாயிக்கு 1824இல் தேர்வு இருந்ததா என்பது இன்னும் கடினமான கேள்வி. இரண்டு படையும் அவன் மாட்டையும் சோளத்தையும் எடுத்துக்கொண்டன.

செங்கதிர்:
ஏற்கிறேன். வெனிசுவேலாவுக்குப் பொருந்துவதைப் பெருவுக்கு நீட்டியது தவறு.

துறைமுகத்தான்:
வேல்விழி அவர்களின் கயாவ் கோட்டைக்கே திரும்புகிறேன், என் வாதம் அங்கே முடிகிறது. அயகுச்சோவுக்குப் பிறகும் ஹோசே ராமோன் ரொதில் என்ற ஸ்பானியத் தளபதி அந்தக் கோட்டையைக் கொடுக்க மறுத்தார். ஸ்பெயினிலிருந்து கப்பல் வரும் என்று 1826 ஜனவரி வரை பிடித்து நின்றார். உள்ளே ஆயிரக்கணக்கானவர்கள் பசியிலும் ஸ்கர்வியிலும் செத்தார்கள். பெருவின் முன்னாள் அதிபர் தோர்ரே தாக்லேயும் அதில் ஒருவர்.

ஸ்பெயின் உண்மையிலேயே ஒரு பெரிய போர்க்கப்பலை அனுப்பியிருந்தது. 'ஆசியா' என்று பெயர். 1824 செப்டம்பரில் கயாவ் வந்து சேர்ந்தது. அயகுச்சோ செய்தி கேட்டதும் பிலிப்பைன்ஸ் நோக்கிப் போனது. 1825 மார்ச்சில் குவாம் தீவில் தண்ணீர் எடுக்க நின்றபோது சம்பளப் பாக்கிக்காக மாலுமிகள் கலகம் செய்து அதிகாரிகளைக் கரையில் இறக்கிவிட்டு, கப்பலை மெக்சிகோவுக்கு ஓட்டிப்போய் அந்தப் புதுக் குடியரசிடம் ஒப்படைத்தார்கள். ரொதில் கோட்டை மேல் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்களில் அந்தக் கப்பலில் பறந்தது மெக்சிகோவின் கொடி.